ஒரே டவரில் இரண்டு லைன்

எந்த மின்நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று கால் மணிக்கு ஒருமுறை கணக்கிட்டுச் சொல்லும் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். செலவு குறைய வேண்டும். எந்த லைனிலும் அது தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடக் கூடாது. ஒரு லைன் திடீரென்று போய்விட்டால் அதன் சுமை மற்ற லைன்களுக்குத் தாவும். அதையும் அவை தாங்க வேண்டும். அப்படிப் போகக்கூடிய லைன்களின் பட்டியல் என் பொறுப்பு.

ஆவணியில், மலைமேல் தேவனூர் நாடு என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு லீவில் போனேன். காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி மலையேறிய பஸ் ஒரு வளைவில் நின்றுவிட்டது. மின்கம்பி மேல் மரம் சாய்ந்து ரோட்டை அடைத்திருந்தது. வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒரு வயர்மேன் செம்மேட்டுப் பள்ளியில் என்னோடு படித்தவர். பேசிக்கொண்டே கீழே பார்த்தபோது, அடிவாரத்தில் பெரிய டவர்கள் வரிசையாகப் போவது தெரிந்தது.

“அது எந்த லைனுங்க?” என்றேன்.

“ரெண்டு லைனுங்க. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. டவரு ஒண்ணுதான்.”

“டவருக்கு ஏதாச்சும் ஆனா?”

“ரெண்டும்தான் போவும். ஒண்ணு மட்டும் எப்படிங்க போவும்?”

ஒரே டவரில் இரண்டு லைன் போவது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் பட்டியலில் அந்த இரண்டும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்று என் கணக்கு நம்பியிருந்தது. வெட்கமாக இருந்தது.

லீவு முடிந்து அலுவலகம் போனதும், இரண்டும் ஒன்றாகப் போனதாக வைத்துக் கணக்கை ஓட்டிப் பார்த்தேன். மலைக்கும் அடிவாரத்துக்கும் வரும் மூன்றாவது லைன் தாங்கவில்லை. அதுவும் தானாகத் துண்டித்துக்கொள்ளும்; எல்லாம் இருட்டாகும். தடுக்க வேண்டுமானால் தூரத்திலிருந்து வரும் மலிவான மின்சாரத்தைக் குறைத்து, பக்கத்திலுள்ள விலை கூடிய நிலையத்தை முன்கூட்டியே ஓட்ட வேண்டும்.

என் மேலதிகாரி அம்மா சம்மதிக்கவில்லை. “என்னைக்கோ நடக்கிறதுக்காக தினமும் செலவு பண்ண முடியுமா? உங்க ஊருன்னு சொல்றீங்களா?”

“ஊர்ல பார்த்தது உண்மைதான் மேடம். ஆனா எல்லா ஊருக்கும் பட்டியல் கொண்டுவரேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, லைன்களை எல்லா விதத்திலும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் கால் மணிக்குள் கணக்கு முடியவே முடியாது. ஒரே டவரில் போகிறவை மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். அந்த விவரம் ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு ஊர் அலுவலகமாகப் போன் செய்தேன். “ஒரே டவரா, வேற வேறயா?” என்று கேட்டால் சிலர் சிரித்தார்கள். சிலர் போனை வைத்துவிட்டார்கள். மறுநாள் மறுபடி கூப்பிட்டேன். மூன்று வாரம் ஆயிற்று. கிடைத்த ஜோடிகளில், போனால் வேறு லைனைச் சாய்க்கக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். கணக்கு நேரத்துக்குள் முடிந்தது.

மேலதிகாரி பட்டியலை முழுதாகப் படித்தார். “மழைக்காலத்துக்கு மட்டும்” என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், அடிவாரத்தில் இடி இறங்கி இரண்டு லைன்களும் ஒன்றாகப் போயின. திரையில் மூன்றாவது லைனின் சுமை எகிறியது. பக்கத்து நிலையம் முன்பே ஓடிக்கொண்டிருந்ததால் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. உடனே வீட்டுக்குப் போன் செய்தேன்.

“கரண்ட் இருக்குதாப்பா?”

“இருக்குது கண்ணு. ஏன், போவணுமா?” என்றார் அப்பா.

கொஞ்ச நேரத்தில் லைன்கள் திரும்பி வந்தன. மேலதிகாரி என் மேசைக்கு வந்தார்.

“வெயில் காலத்துக்கும் ஓட்டிப் பாருங்க. என்ன செலவாகும்னு எனக்குத் தெரியணும்” என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அன்றே ஆரம்பித்தேன்.