கேமராவுக்கு ஊதாத் துணி

சனிக்கிழமை மாலை ஐந்தடித்ததும் மரிய ஜெரால்டு மூங்கில் கழியை எடுத்து, பைபோலத் தைத்த ஊதாத் துணியை அதன் நுனியில் மாட்டி, கோயில் சுவரில் இருக்கும் கேமராவின் தலையில் கவிழ்க்கிறார். தவக்காலக் கடைசியில் புனிதர் சுரூபங்களை மூடுகிற துணியில் மிஞ்சிய துண்டு. பிறகு, சனங்கள் பாவங்களைச் சொல்ல, சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டுக்கு முதுகைக் காட்டி, உண்டியலுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

கோட்டையூர் போகிற வழியில் இருக்கும் சின்னக் கோயில். அதற்கு இருபத்தாறு வருடமாக திறந்து பூட்டிப் பூசைக்கு எடுத்து வைக்கிற கோயில்பிள்ளை இவர்தான். சந்தையில் தேங்காய் வாங்கும்போதுகூடப் பூசைக்கு நடுவே பேசுவதுபோல் கிசுகிசுப்பார். "சத்தமாச் சொல்லுங்கண்ணே, தேங்காய்க்குக் காது கேக்காது" என்பார் கடைக்காரர். இவர் வரும் முன்னால் இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் வந்துவிடும்.

அந்தச் சாவிக்கொத்தால்தான் ஒரு தடவை மாட்டிக்கொண்டார். உண்டியல் களவு போனபோது, "சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்று ஸ்டேஷனில் ஒன்பது நாள் உட்கார வைத்தார்கள். திருடன் திருச்சியில் அகப்பட்ட பிறகுதான் விட்டார்கள். ஸ்டேஷன் திரையிலும் படம் தெரிகிற மாதிரி கோயிலில் கேமரா வைத்த அன்று, எல்லோரையும்விட நிம்மதியாகத் தூங்கியவர் இவர்தான்.

உண்டியலோடு மரக்கூண்டும் தெரிகிற அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிறவர் ஏட்டு ஞானசேகர். இதே கோயில் பங்கைச் சேர்ந்தவர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வெளியே நிற்கையில், அண்ணன் மனைவி அருளம்மாளைப் பார்த்து, "என்ன அண்ணி, நேத்து இருவது நிமிசமா? அம்புட்டா இருக்கு சொல்றதுக்கு?" என்றார். கூட்டம் சிரித்தது. அடுத்த சனிக்கிழமை அருளம்மாள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வரிசையில் நாலே பேர். மறுவாரம் ஊதாத் துணி ஏறிவிட்டது.

திரை இருட்டானதும் ஏட்டு வண்டியில் வந்து இறங்கினார்.

"என்னண்ணே, கேமராவுக்கு முக்காடு போட்டிருக்கீக?"

"ஒரு மணி நேரந்தான் ஏட்டையா."

"அந்த நேரத்துல களவு போச்சுன்னா?"

"என்னையப் பிடிங்க. முந்தியும் பிடிச்சீகள்ல."

"மொகந்தானண்ணே தெரியுது, பேச்சா கேக்குது?"

"எம்புட்டு நேரம்னு தெரியுதுல்ல? ஊருக்கு அது போதாதா?"

ஏட்டு தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப எழுதிக் குடுங்க" என்றார். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஜெரால்டு எழுதிக் கொடுத்தார்: 'சனிக்கிழமை ஐந்து முதல் ஆறு வரை கேமராவுக்குப் பதில் நான்.'

எழுதிக் கொடுத்தாரே தவிர, அந்த ஒரு மணி நேரமும் ஸ்டேஷனில் உட்கார்ந்த ஒன்பது நாள்தான் அவருக்கு ஞாபகம் வரும். கொசு கடித்தாலும் உண்டியலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அருளம்மாள் திரும்ப வந்துவிட்டார். இருபது நிமிடமா, இருபத்தைந்தா? ஜெரால்டைக் கேட்டால், "நான் உண்டியலைல்ல பாத்துக்கிட்டிருந்தேன்" என்பார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. வரிசையின் கடைசியில், காக்கி இல்லாமல் கட்டம் போட்ட சட்டையில் ஞானசேகர் நின்றார். மின்விசிறிக் காற்றில் கேமராவின் துணி ஒரு பக்கம் விலகியிருந்தது. ஏட்டு அதை அண்ணாந்து பார்த்தார், ஜெரால்டைப் பார்த்தார்.

ஜெரால்டு எழுந்து, கழியால் துணியை நன்றாக இழுத்துவிட்டார். முக்காலிக்குத் திரும்பி வந்து, ஏட்டு கூண்டருகே மண்டியிட்டதும், உண்டியலைப் பார்த்தபடியே இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து, ஒவ்வொரு சாவியாகக் கலகலவென்று சத்தம் எழத் துடைக்க ஆரம்பித்தார்.