டயாலிசிஸ் ஆராய்ச்சியில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் போடுவது என்று முடிவானதும், அதற்கான கட்டுரையை வீட்டில் நன்றாகப் படித்த பிள்ளைகள் யாரையாவது எழுதச் சொல்லலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன்தான் நான். ஆனால் லாஸ்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் சின்னக் கடையில் தொடங்கி, இன்று மூலக்குளத்தில் சொந்த மாடி வீடும் கீழே பம்புசெட் கடையுமாக நிற்கிறேன். தெருவில் நடந்து போகும்போதே, ஒரு வீட்டு மோட்டாரின் சத்தத்தை வைத்து எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியரிங் படித்தவர்கள் வந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்டவனுக்குத் தன் அக்காவைப் பற்றி எழுத வராதா என்று உட்கார்ந்தேன். பெருமையாகச் சொல்வதற்கு உள்ளதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மீதி, நான் செய்த தவறு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அக்கா பிறந்தது வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில். அப்பா கூலிக்கு நடவும் அறுப்பும் பார்த்தவர். எனக்கு நான்கு வயதாகும்போது அவர் தவறிவிட்டார். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து, பஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் குடியேறினார். பதிமூன்று வயதில் அக்கா உப்பளம் பகுதியில் ஒரு சொல்தா வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். மதாம் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த வீட்டு அம்மா தமிழ்க்காரர்தான், ஆனால் மிகவும் கறார். பாலோ எண்ணெயோ அளந்துதான் எடுக்க வேண்டும், எடுத்ததை நோட்டில் குறித்து வைக்க வேண்டும். அக்கா எழுத்துக் கற்றது அந்தச் சமையலறையில்தான். அந்தச் சம்பளத்தில்தான் நான் சாப்பிட்டேன். என்னைக் காயில் கட்டும் கடைக்கு அழைத்துப் போய், "எங்க தம்பி கையில வேலை நிக்கும், சேத்துக்குங்க" என்று அந்த முதலாளியிடம் சொன்னதும் அக்காதான். அன்று எனக்கு ஒரு வேலையும் தெரியாது. அக்கா சொன்னதைப் பொய்யாக்கக் கூடாது என்றே கற்றுக்கொண்டேன்.

அக்காவைக் கட்டிய மாமா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு காவல் வேலைக்குப் போனார். அவரும் இல்லாமல் போனபின், அக்கா தன் ஒரே மகளோடு உப்பளத்திலேயே இருந்தார். என் வீட்டுக்கு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "உன் வீட்டு மார்பிள்ல எனக்கு வழுக்கும்டா" என்று சிரித்தே தட்டிக் கழித்துவிட்டார்.

அக்காவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் இரண்டு காலும் வீங்கின. சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்டன, இனி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள். நான் தெம்பாகத்தான் இருந்தேன். அழுக்குத் தண்ணீரை வடிகட்டித் திருப்பி அனுப்பும் மிஷின்தானே, நான் பார்க்காததா என்று நினைத்தேன். முதல் நாளே ஒரு குலை இளநீரோடு போய் நின்றேன். அக்கா மகள் வாசலிலேயே மறித்தாள்.

"மாமா, இத அப்பிடியே எடுத்துக்கினு போங்க. எளநி அம்மாவுக்கு விஷம். நெஞ்சே நின்னுடும்னு சொல்லியிருக்காங்க."

உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்கப் போகும்போது இளநீர் வாங்கிப் போய்த்தான் நமக்குப் பழக்கம். அது இந்த நோய்க்கு ஆகாது என்று எனக்கு அன்றுதான் தெரியும். அப்போதாவது, தெரியாத விஷயத்தில் கேட்டுச் செய்ய வேண்டும் என்று புத்தி வந்திருக்கலாம்.

அக்கா போன ஆஸ்பத்திரியில் செவ்வாய், வியாழன், சனி காலை முறை. நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். சிலருக்குப் பாதியில் பிரஷர் இறங்கி மயக்கம் வரும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அக்காவுக்கும் அது உண்டு. அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மிஷினுக்குள் ஓடும் திரவத்தின் சூட்டைச் சற்றே குறைத்து ஓட்டினால் இந்த மயக்கம் குறையுமா என்பதுதான் கேள்வி. சம்மதித்தவர்களில் பாதிப் பேருக்குப் புது முறை, பாதிப் பேருக்கு வழக்கமான முறை. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டில் வரும். வீட்டில் குடிக்கும் தண்ணீர், மோர், காபி எல்லாவற்றையும் நோயாளிகள் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும்.

அக்கா உடனே சம்மதித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் வந்த களையை நான் பார்த்தேன். இளைத்துப்போன கையால் டம்ளரை அளந்து ஊற்றிக் குறித்துவைப்பார். "நேத்து மத்தியானம் அரை டம்ளர் மோரு. பொய் சொல்லாம எழுதிட்டேன்" என்று அந்த டாக்டரிடம் நீட்டுவார். அந்தப் பெண்ணும் மணிக்கு ஒரு தரம் வந்து, குளிருகிறதா, தலை சுற்றுகிறதா, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வார். ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்: "இத்தினி வயசுல, உனக்கு எப்பிடி இருக்குன்னு என்னைக் கேட்டு எழுதிக்கினது இந்தப் பொண்ணு ஒண்ணுதான்டா."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. அக்காவுக்கு உறையில் வழக்கமான முறை வந்திருக்கிறது என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. என் கடையில் புது மாடல் இருக்கும்போது பழையதை யார் தலையிலாவது கட்டியிருக்கிறேனா? என் அக்காவுக்குப் பழசா? எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை நேரே வார்டுக்குப் போனேன்.

டாக்டர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. "ஐயா, இது சீட்டுப்படி வந்தது. யாருக்கு எதுன்னு நானே மாத்திக் குடுத்தா அப்புறம் ஆராய்ச்சியே இல்ல."

"எங்க அக்கா என்னாம்மா, எலியா? புதுசுன்னா நல்லதாத்தான இருக்கும்?"

"நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா எல்லாருக்குமே போட்டிருப்போமே ஐயா. தெரியாததாலதான இவங்களக் கேக்குறோம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கவனிக்கிறோம்."

பக்கத்துப் படுக்கையில் ஓர் ஆட்டோக்காரர் படுத்திருந்தார். ஊசி குத்திய கையை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பினார். "மோட்டார் மொதலாளி, நானும் பழசுதான். உங்க அக்காவுக்கு மட்டும் ரத்தத்த ஃபிரிட்ஜுல வெச்சிக் குடுக்கணுமா?"

வார்டே சிரித்தது. அக்காவும் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூலக்குளத்தில் நான் நடந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஆட்டோக்காரர் என்னைக் கேலி செய்ய, என் அக்கா சிரிப்பதா? அங்கேயே சொன்னேன், இந்த ஆராய்ச்சியும் வேண்டாம், இந்த ஆஸ்பத்திரியும் வேண்டாம், தனியார் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று.

படுக்கைப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா மகள் எழுந்து என்னிடம் வந்தாள். "அம்மாவக் கேட்டீங்களா மாமா?"

"என்னாத்தக் கேக்குறது? நல்லதுதான செய்றேன்."

அக்கா படுத்தபடியே சொன்னார்: "வேணாம்டா தம்பி. எனக்கு இங்கயே நல்லாருக்கு. நாலு பேரு பேசிக்கினு இருக்கோம்."

"அக்கா, நீ சும்மா இரு."

இந்த வார்த்தையைத்தான் ஒரு வருடமாகத் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதிமூன்று வயதில் அடுப்படிக்குப் போய் எனக்குச் சோறு போட்டவரைப் பார்த்து, ஒரு வார்டே கேட்கும்படி சொன்ன வார்த்தை. விலகுவதற்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் வெளியே கார் டிரைவரைக் கூப்பிடப் போய்விட்டேன். உள்ளே அக்கா கையெழுத்துப் போட்டார்.

புது இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஏசி, டிவி, சத்தமே வராத மிஷின், மரியாதையான ஆட்கள். நானே ஒவ்வொன்றையும் அக்காவுக்குக் காட்டிக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். படுக்கைக்குப் படுக்கை திரை போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் யார் என்றே தெரியாது. கொஞ்ச நாள் அக்கா அந்த நோட்டில் எழுதினார். பிறகு விட்டுவிட்டார். ஏன் அக்கா எழுதவில்லை என்று கேட்டேன். "யாரு வாங்கிப் பாக்கப் போறாங்க?" என்றார். இன்னொரு நாள் காரில் வரும்போது கேட்டார்: "அங்க நான் படுத்த ஜன்னலோரப் படுக்கையில இப்ப யாருடா படுக்குறாங்க?" எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு, போனில் வியாபாரம் பேசினேன்.

எட்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் கலந்து கொடுத்த காபியைப் பாதி குடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. பழைய இடத்திலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று இரண்டு டாக்டர்களிடம் கேட்டுவிட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இந்த நோயில் எங்கே இருந்தாலும் இது நடக்கலாம் என்றுதான் இருவரும் சொன்னார்கள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதாகவே இருக்கட்டும். உயிரை நான் எடுக்கவில்லை. ஆனால் வயதான காலத்தில் அவர் தானாக ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்ட ஒரே காரியத்தை, அவர் கையிலிருந்து நான் பிடுங்கிவிட்டேன்.

போன மாதம், ஆண்டு நினைவுக்கு அழைப்பதற்காக அக்கா மகளோடு அந்த வார்டுக்குப் போனேன். படி ஏறும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அதே டாக்டர் இருந்தார். அவர் வந்து அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அம்மா, நான் செஞ்ச வேலையால எங்க அக்கா எழுதினதெல்லாம் வீணாப்போச்சா?"

அவர் அக்கா மகளைப் பார்த்தார். "சொல்லட்டுமா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

"வீணாவல ஐயா. வெலகுற படிவத்துல ஒரு கேள்வி உண்டு. இதுவரைக்கும் எடுத்த வெவரத்த நாங்க வெச்சிக்கலாமா, அழிச்சிடலாமான்னு. அம்மா வெச்சிக்கலாம்னு போட்டாங்க. 'எழுதினது எழுதினதுதான், கிழிச்சிப்புடாதம்மா'ன்னு சொன்னாங்க. 'எங்க தம்பி கத்துறான்னு மனசுல வெச்சிக்காத, அவனுக்கு என்மேல ஆச'ன்னும் சொன்னாங்க."

பிறகு, எழுதப்போகிற முடிவில் அக்கா பேர் வருமா என்று கேட்டேன். என் புத்தி எங்கே போகும்?

"பேரு யாருதும் வராது ஐயா. இத்தன பேருன்னு ஒரு எண்ணிக்கை வரும். அதுல அம்மா ஒருத்தர்."

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. எந்த முறை நல்லது என்று இன்றைக்கும் அந்த டாக்டருக்குத் தெரியாது. தெரிய வரும்போது, அதில் அக்கா அளந்து குடித்த மூன்று மாதத் தண்ணீரும் இருக்கும். நான் கத்திக்கொண்டு வெளியே போன நேரத்தில், அக்கா தன் சொல்லைத் தானே சொல்லிவிட்டிருக்கிறார்.

அக்காவைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட அவர் மகளுக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம். "அம்மாவக் கேட்டீங்களா" என்று என்னைக் கேட்கத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். ஊசி குத்திய நர்சு அம்மாக்களுக்கும், இரண்டு இடத்து டாக்டர்களுக்கும், கடைசி நாளில் தோள் கொடுத்த உப்பளம் தெருக்காரர்களுக்கும், பதினாறாம் நாள் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட என் சம்பந்தி வீட்டாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். இன்றும் அந்த வார்டில் படுத்துக்கொண்டு, குடித்ததைக் குறித்துக் கொடுக்கிறவர்களுக்குத் தனியாக நன்றி. அந்த ஆட்டோக்காரர் நலமாக இருக்கிறார். நினைவு நாளுக்கு வருகிறேன் என்றிருக்கிறார். அவரைக் கூட்டிவர என் காரை அனுப்புகிறேன்.

அக்கா, இந்தக் கட்டுரையையும் உன்னைக் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன்.

தம்பி,
மூலக்குளம், புதுச்சேரி