முத்தையாவைப் பாஸ் பண்ண வைத்த சவரிமுத்து

சவரிமுத்து போய்விட்டான். நேற்றுப் பின்னேரம் கம்பளையில் அடக்கம்.

தந்தி கண்டிக்கு வந்தபோது நான் ஒஃபிஸில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்... உள்ளதைச் சொல்லுகிறேன்.

கம்பளைப் பக்கத்துச் சின்ன ரயில் ஸ்டேஷன் ஒன்றில் இரண்டு பேரும் ஒரே நாளில் கிளாக்காகச் சேர்ந்தோம். சோதனையில் நான் முதலாவது. அவன் மயிரிழையில் தப்பியவன்.

அதனால்தான் போர்ட்டர்மாருக்கு விதிப் புத்தகம் படிப்பிக்கும் வகுப்பை என்னிடம் தந்தார்கள். சனிக்கிழமைதோறும் பார்சல் அறையில், நான் கதிரையில், அவர்கள் பெட்டிகளின் மேல்.

அதில் ஒருவன் முத்தையா. மடுல்கெல்ல தோட்டத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயது. தண்டவாளம் பிரித்துவிடும் பொயின்ட்ஸ்மன் வேலைக்கு இரண்டு தரம் சோதனை எழுதி இரண்டு தரமும் பெயில். மூன்றாவதும் போனால் ஆயுள் முழுக்க மூட்டைதான்.

"எழுத்தெல்லாம் தெரியுதுங்கய்யா. சேத்துப் படிக்கப் போனா எடம் மாறிப் போயிருது" என்பான்.

"கள்ளம் விடாதை. படிக்கப் பஞ்சி உனக்கு, சோம்பேறி" என்று நான் அவனைப் பெட்டி மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வயது மனுஷனை...

சவரி என்ன செய்தான் தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முத்தையாவைத் தண்டவாளம் மாற்றும் லீவர்களிடம் கூட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு லீவரையும் பிடிக்க வைத்து, அதற்குரிய விதியை வாயால் சொல்ல வைத்தான். சொல்லாமல் இழுக்கக் கூடாது. புத்தகத்தைத் தொடவே இல்லை.

மூன்று மாதம் அப்படி. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அங்கே நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பு என்னுடையது, அவனுக்கு என்ன வேலை?

சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். எழுத வைக்காமல் வாயால் கேட்கும்படி சவரி முன்னமே அவரிடம் கெஞ்சி வைத்திருந்தான். அவரும் சம்மதித்துவிட்டார்.

நான் மெல்லக் கிட்டப் போனேன். "சேர், அவனிட்டைப் புத்தகத்தைக் குடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கோ" என்றேன்.

முத்தையா புத்தகத்தை விரித்தான். முதல் வரியிலேயே நின்றுவிட்டான். சட்டைக் கழுத்தெல்லாம் வேர்வை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இருந்தது, மறைக்கவில்லை.

"சேர், கோவிச்சுக்காதீங்க. லீவர்கிட்ட வந்து கேளுங்க" என்றான் சவரி.

போனார்கள். கேட்டதற்கெல்லாம் முத்தையா பதில் சொன்னான், கை லீவரில், வாயில் விதி. ஒன்றுகூடப் பிழை இல்லை. பாஸ்.

அடுத்த நாள் சவரிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. எனக்கு ஒரு கும்பிடு. அதன்பிறகு எழுத்துக்குத் திணறுகிற போர்ட்டர்மார் எல்லாரும் அவனைத்தான் தேடினார்கள். அவனைத்தான் 'மாஸ்டர்' என்றார்கள். நான் ஐயா மட்டும்.

நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது அவன் காதில் விழவில்லை என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். நான் கண்டிக்கு மாற்றலாகும் வரைக்கும் மத்தியானம் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். மீன் குழம்பில் பாதி எனக்குத் தள்ளுவான்.

நேற்றுச் சேமக்காலையில், சவரியின் குழியருகே, முத்தையா என்னிடம் வந்தான். தலை நரைத்துவிட்டது.

"அன்னிக்கு நீங்க சொன்னது எங்க ரெண்டு பேருக்குமே கேட்டுச்சுங்கய்யா. எனக்கு ஆத்திரம் தாங்கல. மாஸ்டர்தான் சொன்னாரு... 'அவருக்கு ஒன்மேல கோவம் இல்ல முத்தையா, என்மேல பொறாம, அத நீ மனசுல வச்சுக்காத, எனக்கு அந்த ஆள் வேணும்'னு."

மண் போட என் கையில் எடுத்துத் தந்ததும் அவன்தான்.

போய் வா, சவரி. இப்போதும் உன்மேல் பொறாமைதான்.