ஏர் ஓட்டிப் பார்த்த சித்தப்பா

எங்கள் ஊர் வானத்தில் எது பறந்தாலும் அதை ஓட்டுவது என் சித்தப்பாதான் என்று அப்பா சொல்லிவிடுவார். தாராசுரம் கோயில் மேல் திரும்பித் தஞ்சாவூர்ப் பக்கம் போகிற விமானம், கடலைப் பார்த்துப் போகிற விமானம், எல்லாம் அவர் தம்பியுடையவை. ஒரு வருஷம் பயிரில் புகையான் பூச்சி விழுந்து, அரசாங்கம் ஒரு குட்டி விமானத்தை அனுப்பி மருந்து தெளித்தது. அது மூங்கில் தோப்பின் தலையைத் தடவுகிற மாதிரி தாழ வந்து போனது. "தம்பிதான். வீட்டப் பாத்துட்டுப் போறான்" என்றார் அப்பா. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த வற்றல் முழுவதும் மருந்து விழுந்து, அம்மா அதைக் குப்பையில் கொட்டினாள். கொட்டும்போதும் அவளுக்கு மைத்துனர் மேல்தான் கோபம்.

சித்தப்பா உண்மையில் இருந்தது பெங்களூரில். விமானப் படையில் சேர்ந்து, பிறகு படையில் இருந்தபடியே புதிதாகச் செய்கிற ஜெட் விமானங்களை முதலில் ஏறி ஓட்டிப் பார்க்கிற வேலைக்குப் போனார். சத்தத்தைவிட வேகமாகப் போகிற விமானங்கள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. அதில் ஏறுவது, மேலே போய்த் தலைகீழாகவும் செங்குத்தாகவும் விட்டுப் பார்ப்பது, உயிரோடு இறங்கினால் என்னென்ன கோளாறு என்று எழுதிக் கொடுப்பது. எங்கள் அப்பா முதல் பாதியை மட்டும் ஊருக்குச் சொல்வார். சித்தப்பாவைக் கேட்டால் எழுதுவதுதான் வேலை, பறப்பது அதற்காகத்தான் என்பார்.

அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது. உப்புமா எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால், "முதல் வாய் சரி. மூணாவது வாய்ல உப்பு தெரியுது. ஆறினா கட்டி தட்டுது" என்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, பையன் வேலை எப்படி என்று மரியாதைக்குக் கேட்டார். இவர் கடந்த வருஷம் தன்னோடு இருந்தவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்லிவிட்டு, பஜ்ஜி எடுத்துச் சாப்பிட்டார். கல்யாணப் பேச்சு அத்துடன் முடிந்தது. ஒருமுறை நான் கேட்டேன், கொஞ்சம் அனுசரித்துச் சொன்னால்தான் என்ன என்று. "நல்லாருக்குன்னு எழுதிட்டா எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா. அடுத்து ஏர்றவன் செத்துப் போவான்" என்றார். நான் அதை ஒரு சுவாரசியமான பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

இனி நிலத்துக்கு வருகிறேன். உச்சவரம்புச் சட்டம் வந்து, மிராசுகள் எல்லாம் நிலத்தை யார் பேரில் ஒளித்து வைப்பது என்று அலைந்த காலம் அது. கொழுந்தியாள் பேர், கோயில் பேர், தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் பேர். ஒரு வீட்டில் கன்றுக்குட்டி பேரிலும் எழுதியிருப்பதாக டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். அறுவடைக் கூலிக்காகக் கூலியாட்கள் வரப்பில் கொடி நட்டிருந்தார்கள். கோட்டையில் தமிழர் ஆட்சி வந்துவிட்டதென்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். எங்கள் அப்பா மேடையில் இருப்பவர்களையும் திட்டுவார், வரப்பில் இருப்பவர்களையும் திட்டுவார், திட்டிவிட்டு யார் வந்தாலும் மாலை போடப் போய்விடுவார்.

எங்களிடம் மிஞ்சியதில் அரசலாற்றுப் பாசனத்தில் பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர், சித்தப்பா பேரில் இருந்தது. அதை முப்பது வருஷமாக ஒரே குத்தகைக்காரர் சாகுபடி செய்துவந்தார். அவருக்கும் அவர் மனைவிக்கும் நாலு பிள்ளைகளுக்கும் வேறு ஒரு குழி நிலம் கிடையாது. குத்தகைக்காரரை வெளியேற்ற முடியாதபடி சட்டம் இருந்தது. ஆனால் படையில் இருப்பவர் தானே சாகுபடி செய்ய விரும்பினால் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று அதிலேயே ஒரு சந்தும் இருந்தது. சந்து எங்கே என்று கண்டுபிடிப்பதில் எங்கள் வீட்டு ஆண்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. சித்தப்பா எப்போதோ எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் அப்பாவின் பீரோவில் இருந்தது. அவரைக் கேட்காமலே அவர் பேரில் மனுப் போடுவதென்று முடிவானது.

மனுவை எழுதியது நான். கும்பகோணத்தில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, வேலைக்கோ மாப்பிள்ளைக்கோ, எது முதலில் வருகிறதோ அதற்காக வீட்டில் காத்திருந்தேன். வெளியே என்னதான் தமிழ் முழங்கினாலும் ஆபீசில் ஆங்கில மனுவைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று அப்பா சொன்னார். எனக்கும் மூன்று வருஷம் படித்ததை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. தேசத்தை வானில் காத்த கைகள் இனி தம் முன்னோர் மண்ணைத் தொட ஏங்குகின்றன என்று எழுதினேன். குத்தகைக்காரர் நிலத்தைச் சரிவரப் பேணுவதில்லை என்றும் ஒரு வரி அப்பா சேர்க்கச் சொன்னார். அந்த வருஷம் எங்கள் கிராமத்திலேயே அதிகம் விளைந்தது அந்த வயலில்தான். அதுவும் எனக்குத் தெரியும். 'பேணுவதில்லை' என்பதற்கு நல்ல கனமான ஆங்கிலச் சொல் கிடைத்த சந்தோஷத்தில் அதையும் எழுதினேன்.

இருபது நாள் கழித்துக் குத்தகைக்காரர் கையில் ஒரு காகிதத்தோடு எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்தார். அவருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார், பள்ளிக்கூடத்தில் இருந்தபோதிலிருந்தே நான்தான் அவருக்குப் படித்துச் சொல்வேன். இந்த முறை விசாரணை நோட்டீஸ். கூடவே மனுவின் நகல்.

"பாப்பா, இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க. இங்கிலீசுல இருக்கு" என்றார்.

நான் எழுதியதை நானே அவருக்குப் படித்தேன். படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். வானில் காத்த கைகள் வந்ததும் அவர் தலையை ஆட்டினார். பேணுவதில்லை என்ற இடத்தை விழுங்கிவிடலாமா என்று பார்த்தேன், துணிச்சல் இல்லை. அதையும் சொன்னேன். அவர் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். யாரு பாப்பா எழுதுனது?"

"வக்கீலா இருக்கும்" என்றேன்.

"இதுக்கு நமக்கு ஒரு பதில் எழுதித் தர்றீங்களா?"

எனக்குச் சட்டமெல்லாம் தெரியாது, டவுனில் யாரையாவது பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு அம்மா, முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். அடுப்படியில் புகை என்று சொன்னேன். அப்போது அடுப்பே மூட்டியிருக்கவில்லை.

சித்திரை முதல் நாள் எங்கள் பக்கம் நல்லேர் பூட்டுவார்கள். குத்தகை நிலமானாலும் நிலச் சொந்தக்காரர் வந்து ஏரின் கைப்பிடியை, மேழியை, தொட்டு நாலு அடி நடப்பது சம்பிரதாயம், பிறகு குத்தகைக்காரர் ஓட்டிக்கொள்வார். அப்பாவின் மூளை இதில்தான் வேலை செய்தது. சித்தப்பாவை லீவு போட்டு வரச் சொல்லி, மேழியைப் பிடிக்கவைத்து, கர்ணத்தைப் பக்கத்தில் நிறுத்தி, கிராமக் கணக்கில் 'சொந்தச் சாகுபடி' என்று எழுதவைப்பது. அதையே விசாரணையில் ஆதாரமாகக் காட்டுவது. சித்தப்பா வந்து இறங்கி, காபி குடிக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்கள். மனுவை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"இத யாரு எழுதுனா?"

அப்பா பெருமையோடு என்னைக் காட்டினார். சித்தப்பா என்னைப் பார்த்தார். மனு பொய் என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"சரி. ஓட்டிப் பாத்துடலாம். ஓட்டிப் பாக்காம நான் எதையும் சொல்றதில்ல" என்றார்.

மறுநாள் காலை வயலில் இருந்த கூட்டம் எங்கள் ஊர்த் தேருக்குக்கூட வந்ததில்லை. சத்தத்தைவிட வேகமாகப் போகிறவர் ஏர் ஓட்டப் போகிறார் என்றால் யார்தான் வரமாட்டார்கள். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டி, வலது தொடையில் ஒரு சின்ன அட்டையை ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டு வந்தார். விமானத்தில் குறிப்பு எழுதுகிற அட்டையாம். பென்சில் நூலில் தொங்கியது. குத்தகைக்காரர் தன் மாடுகளுக்கே மஞ்சள் குங்குமம் வைத்து, ஏரைப் பூட்டி நிறுத்தியிருந்தார். தன்னை வெளியேற்றுவதற்கு இந்த ஏற்பாடு என்று அவருக்கு முழுக்கத் தெரியும். ஆனாலும் நல்லேர் நாளில் சொந்தக்காரர் வந்தால் ஏர் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

சித்தப்பா மேழியைத் தொட்ட மாத்திரத்தில் கர்ணம் எழுதி முடித்துவிட்டார். மாடுகள் கிளம்பின. சித்தப்பாவும் கிளம்பினார், வேறு பக்கமாக. ஏர் இடது பக்கம் இழுத்துக்கொண்டு வரப்பில் ஏறியது. திருப்பிவிட்டார்கள். இரண்டாம் சுற்றில் ஏரின் கொழுமுனை மண்ணை விட்டு எழும்பி, இவர் குப்புற விழுந்தார். எழுந்து, மண்ணைத் தட்டாமல், முதலில் அட்டையில் ஏதோ எழுதினார். மறுபடி விழுந்தார். மறுபடி எழுதினார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா கர்ணத்திடம், விழுந்ததை எழுத வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அதை எழுத இதில் இடமும் இல்லை என்றார் கர்ணம்.

கடைசியில் குத்தகைக்காரரே ஓடிவந்து மேழியை வாங்கிக்கொண்டார். "அழுத்தாதீங்க சின்னய்யா. புடிச்சா போதும், அதுவா போவும்" என்றார். மூன்றாம் சுற்றை அவர்தான் முடித்தார். சித்தப்பா கூடவே நடந்து, உழுத சால் எவ்வளவு ஆழம் என்று விரலை விட்டு அளந்து பார்த்தார்.

விசாரணை தாலுகா ஆபீசில். மேசைக்கு இந்தப் பக்கம் அப்பா, சித்தப்பா, ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் சொல்ல நான், அந்தப் பக்கம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குத்தகைக்காரர். அவருக்கு வக்கீல் கிடையாது, பதில் மனுவும் கிடையாது. அதிகாரி என் மனுவைப் படித்துவிட்டு, அப்பா சொன்னபடியே நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தப்பாவைப் பார்த்து, நேரடியாகச் சாகுபடி செய்வீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். சித்தப்பா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதிகாரி அதை வாய்விட்டே படித்தார். தமிழில்தான் இருந்தது, தந்தி மாதிரி.

"சோதனை: ஏர். சுற்று: மூன்று. முதல் சுற்றில் இடப்பக்கம் இழுத்தது. கோளாறு ஏரில் இல்லை, ஓட்டியவரிடம். இரண்டாம் சுற்றில் ஓட்டியவர் இரண்டு முறை விழுந்தார். மாடுகள் அவர் சொல்லை ஒருமுறையும் கேட்கவில்லை. மூன்றாம் சுற்றைக் குத்தகைக்காரர் ஓட்டினார். கோளாறு இல்லை. நிலம் நன்றாகப் பேணப்பட்டிருக்கிறது. முடிவு: இந்த நிலத்தைச் சாகுபடி செய்ய எனக்குத் தகுதி இல்லை, உத்தேசமும் இல்லை. மறுசோதனை தேவையில்லை."

அப்பாவின் கழுத்து நரம்பு எழும்பியதைப் பார்த்தேன். பரீட்சை பேப்பரைத் திருத்துகிற வாத்தியார் மாதிரி அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப இந்த மனுவ யாரு எழுதுனது?"

"என் அண்ணன் பொண்ணு. இதோ நிக்கிறா" என்றார் சித்தப்பா. இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டுவிட அவருக்குத் தெரியாது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இதுல எழுதியிருக்கறது உண்மையாம்மா?"

எதிரே குத்தகைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு சொல் போதும். சித்தப்பா எழுதிய அந்தத் தாள் அங்கேயே கிடந்தது, அதைக் காட்டினால்கூடப் போதும்.

"இங்கிலீஷ்ல தப்பு இல்லீங்க சார்" என்றேன்.

அதிகாரி சிரித்தார். அப்பாகூட, அந்த நிலையிலும், கொஞ்சம் சிரித்தார். மனு தள்ளுபடியானது. குத்தகைக்காரர் பெயர் அந்த வருஷமே குத்தகைப் பதிவேட்டில் ஏறியது. அப்பா தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் வானத்தில் எது போனாலும் அது சர்க்கார் விமானம்தான்.

ஆபீஸ் வாசலில் குத்தகைக்காரர் சித்தப்பாவைக் கும்பிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"அன்னிக்கு நல்லாத்தான் எழுதியிருக்கான்னு சொன்னேனே பாப்பா. உங்களத்தான் சொல்லியிருக்கேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த நிலத்தில் அவர் கடைசிவரை சாகுபடி செய்தார். அவருக்குக் காகிதங்களும் வந்துகொண்டுதான் இருந்தன. பாங்கிலிருந்து, கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, சிங்கப்பூர் போன மகனிடமிருந்து. எங்கள் வீட்டு வழியாகத்தான் கடைத்தெருவுக்குப் போவார். வாசலில் நின்று, "நல்லாருக்கீங்களா பாப்பா?" என்று கேட்பார். காகிதம் கையிலேயே இருக்கும். நான் நன்றாக இருப்பதாகச் சொன்னதும், இரண்டு மைல் நடந்து, மளிகைக்கடை பாயிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். பாய்க்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும்.