கோட்டை வாசலில் அணைந்த கணினி

தென்கொரியாவின் குன்சான் நகரில் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் தாக் மியோக் கணினி பழுது பார்க்கிறாள். பக்கத்துக் கடை என்னுடையது, சாவி வெட்டுகிறேன். நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். பதினோரு வருடமாக அவள் வாடிக்கையாளரிடம் பேசுவதெல்லாம் எனக்கும் கேட்கிறது. பேசுவதே குறைவு என்பதால் தொந்தரவு இல்லை.

இருபத்திரண்டு வயதில் ஒரு கணினி விளையாட்டுக் கூடத்தில் நூடுல்ஸ் வேகவைக்கச் சேர்ந்தவள் அவள். அங்கே அறுபது கணினிகள். ஒன்று படுத்துவிட்டால் சரிசெய்கிற ஆள் வர மூன்று நாள் ஆகும். அதுவரை இடம் கிடைக்காதவர்கள் கல்லாவில் நிற்கும் அவளிடம்தான் கத்துவார்கள். கத்தல் தாங்காமல் ஒரு நாள் அவளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அப்படித்தான் தொழில் வந்தது. நடுவில் கல்யாணம் நடந்தது, ஐந்து வருடத்தில் முறிந்தது. யாராவது அதைக் கேட்டால் "ஆமா" என்பாள். அதற்கு மேல் வராது.

போன வருடம் செப்டம்பரில் போங் தல்சு தன் கணினியைச் சந்தைக்குப் போகிற தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தார். அறுபத்தொரு வயது. முதுகெலும்பு தேய்ந்து பேருந்து ஓட்டுவதை விட்டவர். வீட்டோடு இருந்தபோது இணைய விளையாட்டு ஒன்றில் நுழைந்து, நாற்பது பேர் கொண்ட வெண்நாரை என்ற குழுவுக்குத் தலைவராகவும் ஆகிவிட்டிருந்தார். அந்தக் குழு ஆகஸ்டு கடைசியில் ஒரு கோட்டையைப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஏழு மணி வரை மற்றக் குழுக்கள் அதை முற்றுகையிடலாம். தல்சு கேடயத்தோடு வாசலில் நிற்பார்.

"ஏம்மா, மூணு வாரமா ஒரே கதை. எதிரி வாசலுக்கு வர்ற நேரம் பாத்துப் பொட்டுனு அணைஞ்சு போகுது" என்றார். "சும்மா இருக்கும்போது நாள் பூரா ஓடுது. சண்டைனு வந்தாப் படுத்துக்குது. என் மாமனார் மாதிரி."

"திரையில ஏதாவது எழுத்து வந்துச்சா?"

"எழுத்தும் இல்ல, எச்சரிக்கையும் இல்ல. கரெண்டு போன மாதிரி."

"திரும்ப எப்படிப் போடுறீங்க?"

"இருக்குற ஒயரையெல்லாம் பிடுங்கித் திரும்பச் சொருகுவேன். வந்துரும்."

மியோக் பெட்டியைத் திறந்தாள். தூசி தட்டினாள், ஃபேன்களைப் பார்த்தாள், சிப்பின் சூட்டைக் கடத்துகிற பசையை மாற்றினாள். பிறகு கணினியை முழு வேகத்தில் ஓட வைக்கிற சோதனையைப் போட்டு ஆறு மணி நேரம் விட்டாள். சூடு எழுபத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. அணையவும் இல்லை. மறுநாளும் அதே கதை.

"பெட்டியில ஒண்ணும் இல்லண்ணே. உங்க வீட்டுக் கரெண்டுதான். பிளக் பாயின்டை மாத்துங்க" என்றாள்.

அவர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். பிளக் பாயின்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் மாறின. கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற குளிர்பெட்டியை வேறு அறைக்குத் தள்ளினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு, எதிரிகள் வாசலை இடிக்கும்போது, கணினி அணைந்தது. அவர் திரும்ப உள்ளே வருவதற்குள் கோட்டை போய்விட்டது.

நான்கு முறை ஒரே மாதிரி நடந்தால் மனிதர்கள் என்ன நினைப்பார்கள்? தல்சு எதிரிக் குழுவிடம் ஏதோ வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்குகிறார் என்று குழுவில் எழுதினார்கள். துணைத்தலைவன் ஜெகால் ஹூன், துறைமுகத்தெருவில் பொரித்த கோழிக் கடை வைத்திருப்பவன், அன்றைக்கே அவரைத் தலைமையிலிருந்து இறக்கினான். குழுவை விட்டு விலக்கவில்லை. கடைசி வரிசையில் நிற்கச் சொன்னான்.

திங்கட்கிழமை தல்சு மறுபடி தள்ளுவண்டியோடு வந்தார். இந்தத் தடவை வேடிக்கை பேசவில்லை.

"இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டுனேன்மா. ஒரு நாள் ஸ்டாப்புல நிக்காமப் போனேன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இப்போ என் பேரன் வயசுப் பயலுக என்னைக் காட்டிக்கொடுத்தவன்னு எழுதுறானுக. இத நீயே வச்சுக்க" என்றார்.

மியோக் "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றாள்.

பெட்டியைத் தூக்க நானும் போனேன். மியோக் தன் பையில் கடையிலிருந்த, கணினிக்குள் மின்சாரம் கொடுக்கிற பெரிய பவர் சப்ளை ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். தல்சுவின் மனைவி ஆரஞ்சு உரித்து வைத்தார். ஐந்து மணிக்கு முற்றுகை தொடங்கியது. இந்தத் தடவை கோட்டையைத் திரும்பப் பிடிக்க முற்றுகையிடுவது வெண்நாரைதான். திரையின் மூலையில் மியோக் சூட்டைக் காட்டுகிற எண்ணைப் போட்டிருந்தாள்: அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. ஐந்து இருபதுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து முந்நூறு பேர் ஒரு குறுகிய வாசலில் மோதினார்கள். திரை இருண்டது.

தல்சு எழுந்து ஒயர் பக்கம் போனார்.

"தொடாதீங்க!" மியோக் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

முன்பக்கப் பொத்தானை அழுத்தினாள். வரவில்லை. மறுபடி அழுத்தினாள். அப்போதும் வரவில்லை. பெட்டியின் பின்னால் கைவிட்டு பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்து, சிறிது நேரம் பொறுத்துப் போட்டாள். பொத்தானை அழுத்தியதும் உயிர் வந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது சூடும் இல்ல, வீட்டுக் கரெண்டும் இல்ல. அளவுக்கு மேல கரெண்டு இழுத்தா பவர் சப்ளை தன்னைத்தானே பூட்டிக்குது. நீங்க ஒவ்வொரு தடவையும் ஒயரைப் பிடுங்கிச் சொருகுனதுல அந்தப் பூட்டு தானா விடுபட்டிருக்கு. அதான் எனக்குத் தெரியாமப் போச்சு."

பேசிக்கொண்டே பழையதைக் கழற்றிப் பெரியதை மாட்டினாள். கால் மணி நேரம் ஆனது. தல்சு மறுபடி உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்றார். ஏழு மணி வரை கணினி அணையவில்லை. கோட்டையும் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

மியோக் ஆரஞ்சுச் சுளை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, போன குளிர்காலத்துல புது கிராபிக்ஸ் கார்டு போட வந்தப்போ, பழைய பவர் சப்ளையே தாங்குமானு கேட்டீங்க."

"கேட்டேன். தாளுல கூட்டிப் பாத்துட்டு தாங்கும்னு சொன்ன."

"தாளுல தாங்குச்சு. ஆனா அந்தக் கார்டு சண்டையில கண்ணிமைக்கிற நேரத்துக்கு ரெண்டு மடங்கு கரெண்டு இழுக்குது. நான் கடையில போட்ட சோதனை ஒரே சீரா இழுக்கும், அதனால கோளாறு பிடிபடல. தப்பு என்னோடது. நான்தான் உங்கள வாசல்ல கைவிட்டுட்டேன்."

தல்சு திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இத நீ ஹூன் கிட்ட சொல்லணும்" என்றார்.

மறுநாள் மதியம் அவள் கோழிக் கடைக்குப் போனாள். பழைய பவர் சப்ளையையும் கையோடு எடுத்துப் போனாள், ஏதோ சாட்சியைக் கூட்டிப் போவதுபோல. ஹூன் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகரவில்லை.

"அக்கா, நீங்க அவரு ஆளு. அவருக்காகத்தான பேசுவீங்க."

"அவருக்காகப் பொய் சொல்லணும்னா வீட்டுக் கரெண்டு மேல பழியப் போட்டுட்டுப் போயிருப்பேனே. என் கடைப் பேரக் கெடுத்துக்கிட்டு எதுக்குப் பொய் சொல்றேன், தம்பி?"

ஹூன் கரண்டியை வைத்தான். "புதன்கிழமை எல்லாரும் மைக்குல இருப்போம். அங்க வந்து சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?"

புதன்கிழமை மாலை பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் சாவி வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவள் ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். நாற்பது பேரிடம் அவள் நான்கு நிமிடம் பேசியிருப்பாள். அவளுக்கு அது அந்த மாதத்துப் பேச்சு முழுவதும். என்ன கார்டு, என்ன பவர் சப்ளை, எப்படிக் கண்டுபிடித்தாள், யார் தப்பு என்று வரிசையாகச் சொன்னாள். யாரோ ஒருவன், "அப்போ கோட்டையை வித்தது நீங்கதானா, அக்கா?" என்றான். பலர் சிரித்தார்கள். இன்னொருவன், "என் கம்ப்யூட்டரும் அப்படித்தான் அணையுது, பாக்குறீங்களா?" என்றான். ஒருவன் மட்டும், இதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த நாடகம் என்று சொல்லிவிட்டுக் குழுவை விட்டே போனான்.

ஹூன் தலைமையைத் திருப்பித் தருவதாகச் சொன்னான். தல்சு வாங்கிக்கொள்ளவில்லை. "எனக்கு வாசலக் குடு, போதும். ஆனா எழுதுனவனுக எழுதுன எடத்துலயே அத அழிக்கணும்" என்றார். சிலர் அழித்தார்கள். சிலர் அழிக்கவில்லை. நவம்பரில் கோட்டையைத் திரும்பப் பிடித்தபோது அவர் வாசலில்தான் நின்றார்.

பேச்சு பரவி, மியோக்கின் கடைக்கு இரண்டு மூன்று பேர் வருவதை நிறுத்தினார்கள். அவள் அந்த வாரமே, அதே கார்டை அதே மாதிரி பவர் சப்ளையோடு யார் யாருக்குப் போட்டுக் கொடுத்தோம் என்று யோசித்து ஏழு பேருக்குப் போன் செய்தாள். நான்கு பேர் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் நன்றாக ஓடுவதைத் தொட வேண்டாம் என்றார். ஒருவர் போனை எடுக்கவேயில்லை. ஏழாவது ஆள் ஒரு பெண், பல் மருத்துவர்; இவ்வளவு நாள் தன் மகனைத்தான் சந்தேகப்பட்டுத் திட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்லி, போனிலேயே மியோக்கை வெளுத்து வாங்கினார். மியோக் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆமா" என்றாள். "எப்போ கொண்டு வர்றீங்க?"