ஃபேன் கொக்கிக்குக் கீழே

திருக்கனூரில் நாங்கள் வீடு கட்டியபோது சீலிங் லைட் மாட்ட வந்தவர் அவர். ஒடிசலான உடம்பு, புருவம் முழுக்க ஜிப்சம் தூள். எந்த அறையிலும் ஓட்டை போடுவதற்கு முன், ஃபேன் மாட்டும் கொக்கிக்கு நேர் கீழே துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இன்னாண்ணே, வேலை நேரத்துல படுத்துக்கினு இருக்கீங்க?"

"எல்.இ.டி. லைட்டு ஃபேன் றெக்கைக்கு மேல வந்துட்டா நெழலு வெட்டி வெட்டி விழும்மா. நடமாடறவங்களுக்குத் தெரியாது. படுத்தே கெடக்கறவங்களால கண்ணைத் தொறக்க முடியாது."

எழுந்து உட்கார்ந்தார்.

"எங்க வூட்ல அப்படித்தான் மாட்டி வச்சேன். பக்கவாதத்துல எம் பொண்டாட்டிக்குப் பேச்சு நின்னுபோச்சு. எந்நேரமும் கண்ணை மூடிக்கினு கெடப்பா. தூங்கறான்னு நெனச்சேன். காரியமெல்லாம் முடிஞ்சு, அந்தக் கட்டில்ல நான் படுத்தப்பதான் தெரிஞ்சுது."

"அப்புறம் லைட்டை மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

"இல்லம்மா. அதுக்குக் கீழதான் படுக்கறேன்."

ஸ்டூலில் ஏறி, கொக்கியிலிருந்து நன்றாகத் தள்ளிப் பென்சிலால் அடையாளம் வைத்தார். எங்கள் வீட்டில் எந்த நிழலும் அசைவதில்லை. அவர் தன் வீட்டுக் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுக்கிறாரா, மூடிக்கொண்டா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.