நான் திருப்பாத திருகு

என் மகள் கவிதாவுக்குப் பதினெட்டு வயது. பிளந்த உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவள். குழந்தையிலேயே தைத்துவிட்டார்கள். ஆனால் மேல்தாடை சரியாக வளரவில்லை. கீழ்ப்பற்கள் முன்னால் நிற்கும். மீ கோரெங் நூடுல்ஸைக்கூட அவளால் கடித்து அறுக்க முடியாது.

ஈப்போ மருத்துவமனையில் மேல்தாடை எலும்பை வெட்டி, தலையைச் சுற்றி ஒரு கம்பிச் சட்டம் பொருத்தினார்கள். காலையும் மாலையும் நான் அதன் திருகைக் கொஞ்சம் திருப்பினால் எலும்பு மெல்ல முன்னால் நகரும்.

"நிறுத்திடாதீங்க. நிறுத்தினா எலும்பு அப்படியே ஒட்டிக்கும்" என்றார் டாக்டர்.

சுங்காயில் எங்கள் வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் அவள் வலியில் அழுதாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. திருப்புவதுபோல் நடித்து, டாக்டர் கொடுத்த கணக்குத் தாளில் திருப்பியதாகக் குறித்தேன். இரண்டு நாள் இப்படியே செய்துவிட்டு, உட்காரவும் முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

அதற்கடுத்த நாள் காலை கவிதா கேட்டாள்: "அப்பா, நீங்க திருப்பலதானே? ரெண்டு நாளா வலிக்கவே இல்ல."

"நீ அழுவுறத பாக்க முடியலம்மா."

"அழுதா அழுவுறேன்லா. மொதல்ல டாக்டருக்கு போன் போடுங்க."

அன்றே ஈப்போவுக்கு ஓடினோம். எலும்பு இன்னும் ஒட்டவில்லை, தொடரலாம் என்றார் டாக்டர். அன்று மாலை திருகைத் திருப்பினேன். அவள் அழுதாள். நான் நிறுத்தவில்லை.

இப்போது அவள் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு முன்னால் இருக்கின்றன. அவள்மேல் உள்ள பாசத்தில் திருப்பாமல் விட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அவளுக்காக அல்ல, என் மனசு தாங்காமல்தான் அவளை ஏமாற்றினேன். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.